பகல் பன்னிரண்டு

சுவர்க் கடிகாரத்தை நான் தொடவில்லை.
மற்ற ஊர்களில் தொட வேண்டியிருக்கும்.
திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து,
உச்சிப்பொழுதை நள்ளிரவு என்று
பிள்ளைகளிடம் சாதிக்க வேண்டும்.
லாங்இயர்பீனில் அந்தப் பாடு இல்லை.
அக்டோபரில் போன சூரியன்
மார்ச்சில்தான் முகம் காட்டும்.
சன்னலில் கும்மிருட்டு,
தெருவிளக்கின் கீழ் மட்டும் கொஞ்சம் பனி,
வேலிக்கு அப்பால் மலை இருக்கிறது என்ற நம்பிக்கை.
பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு.
எந்தப் பன்னிரண்டு என்று யார் கேட்கப் போகிறார்கள்?

இன்று ஏழு பேர்தான்.
மற்றவர்கள் விமானமேறித் தெற்கே போய்விட்டார்கள்.
மிச்சம் இருப்பவர்கள்
லீவு கிடைக்காத வேலைகளின் பிள்ளைகள்:
ஓட்டல் அறைகளைத் துடைப்பவளின் டோமெங்,
ஓடுபாதையில் பனி தள்ளுகிறவரின் சிக்னே,
ரொட்டிக் கடைக்காரர் மகள் பிம்,
நடப்பதா விழுவதா என்று
இன்னும் முடிவெடுக்காத ஐலெர்ட்,
காகிதக் கிரீடத்தின் பசையைச்
சாப்பிட்டுப் பார்த்த மூன்று பேர்.

பட்டாசுக்குப் பதில்
ராக்ன்ஃப்ரிட் தன் புதுக் குளிர்ப்பெட்டியைச்
சுற்றி வந்த குமிழித்தாளைக் கொண்டுவந்தாள்.
தரையெங்கும் விரித்தோம்.
மிதிக்கக் கூடாது, பூஜ்ஜியம் வரும்வரை.

மூன்று நாளாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன்
பத்திலிருந்து இறங்க.
ஏறத்தான் தெரியும் இவர்களுக்கு.
பத்து, ஒன்பது, எட்டு,
நான்குவரை ஒழுங்காக இறங்கினான் டோமெங்.
அங்கே கால் இடறி
ஐந்து, ஆறு, ஏழு என்று மறுபடி ஏறினான்.
எல்லோரும் அவன் பின்னால்.
வாசல்வரை வந்த வருஷம்
ஓரடி பின்வாங்கி நின்றிருக்கும்.
பதினேழில் பொறுமை போய் பிம் குதித்தாள்.
அவ்வளவுதான்,
பட் பட் பட் பட்.

ஐலெர்ட் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

சிக்னே மட்டும் சன்னலுக்குப் போனாள்.
நெற்றி பட்ட இடத்தில் கண்ணாடி வெளுத்தது.
“வரலையே.”
“எது?”
“சூரியன். புது வருஷம் வந்துடுச்சுன்னியே.”
மண்டியிட்டு விளக்கினேன்:
மாறுவது நம்பர் மட்டும்தான், அதுவும் கடைசி இலக்கம்.
“அப்ப எதுக்குக் குதிச்சோம்?”

இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை.
செத்த மீன் எங்கே போகும் என்பதற்கும்
அப்பா ஏன் வேறு வீட்டில் இருக்கிறார் என்பதற்கும்
ஏதோ ஒரு பதில் கைவசம் இருக்கிறது.
இதற்கு இல்லை.
அப்பம் சுட்டுக்கொண்டிருந்த ராக்ன்ஃப்ரிட்
திரும்பாமலே சொன்னாள்:
“தரை குளிருதுல்ல, அதான்.”
சிக்னே தன் காலுறைகளைப் பார்த்தாள்.
சரி என்று தலையாட்டினாள்.

இரண்டேகாலுக்கு ஐலெர்ட் எழுந்தான்,
கன்னத்தில் தலையணை மடிப்போடு.
போன வருஷத்தில் அவன் ஒருவன்தான் பாக்கி.
சிக்னேவுக்கு அது பொறுக்கவில்லை.
துண்டுத்தாள் ஒன்றில்
வெடிக்காத குமிழ்கள் நாலைந்து தேடிப்பிடித்து
அவன் பாதத்தைத் தூக்கி வைத்தாள்.
இந்த முறை ஒன்றிலிருந்து எண்ணினாள்,
“சின்னப் பையன், இறங்கத் தெரியாது.”
பட்.
தன் காலையே அவன்
முதல்முறை சந்திப்பதுபோல் பார்த்தான்.

மூன்று மணிக்குப் பிம்மின் அப்பா,
புருவத்தில் மாவு.
அவருக்காகவும் ஒருமுறை வந்தது வருஷம்.
“எங்களுக்கு ஏப்ரலிலும் ஒன்று உண்டு,” என்றார்,
“தாய்லாந்தில் தெருவே நனையும்.”
“அப்ப சூரியன் இருக்குமா?”
“இங்கேயா? தூங்கவே விடாது.”
“அப்ப அதுதான் நிஜம்,” என்றாள் சிக்னே
என்னைப் பார்த்து, கொஞ்சம் இரக்கமாக.

பனிச்சட்டை, ஒளிப்பட்டை மேலாடை,
மாட்டிக்கொள்ளும் ஜிப்புகள்,
இடது கையில் இரண்டு கையுறை.
ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.
இன்றிரவு அந்த இன்னொரு பன்னிரண்டுக்கு
நான் விழித்திருக்க மாட்டேன்.
கதவோரம் நின்று பார்த்தேன்:
வாசலிலிருந்து வண்டிவரை
இருட்டில் சிக்னேவின் ஒளிப்பட்டை மட்டும்
மேலே, கீழே, மேலே.
தரை குளிர்கிறதாம்.